பள்ளக்கட்டில் ஓர் எரிகோ

அம்சத்தின் வாயைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. கீழ்வேளூர் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள் இறங்கும்போது அவள் வீட்டுச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்களாம். அத்தனை விவரமும் தெரிந்திருக்கும். நடவு நடும்போது பேசுவாள், களை பறிக்கும்போது பேசுவாள், தூக்கத்திலும் பேசுவதாக அவள் புருஷன் வீரையன் சத்தியமே செய்வான். ஜெபம் என்று முழங்கால் போட்டால் கேட்கவே வேண்டாம். மற்றவர்கள் ஆமென் சொல்லிவிட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதும், அம்சம் உள்ளே ஆண்டவருக்கு ஊர் நிலவரம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரு பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. அவளுடைய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் சம்பாப் பயிர் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

புதன்கிழமை பிடித்த மழை வெள்ளி வரை விடவில்லை. வியாழனே பயிர் மூழ்கிவிட்டது. நட்டு ஒரு மாதம் ஆன இளம் பயிர். தலை வெளியே தெரிந்தால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். முழுசாக மூழ்கினால் எட்டு நாள், மிஞ்சிப் போனால் பத்து நாள் தாங்கும், அதற்கு மேல் அழுகல்தான். அதில் நாலு நாள் அதற்குள் போய்விட்டது.

அவள் வயல் இருந்த இடத்துக்குப் பெயரே பள்ளக்கட்டு. ஐம்பது மா நிலம், ஊரிலேயே தாழ்ந்த இடம். மூன்று பக்கம் மேட்டுக் கரை, நாலாவது பக்கம் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வடிகால். முன்பெல்லாம் ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய் இருந்தது. எவ்வளவு மழை கொட்டினாலும் இரண்டு நாளில் தண்ணீர் அது வழியாக வடிகாலுக்குப் போய்விடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ரோட்டை ஆள் உயரத்துக்கு மேடாக்கினார்கள், அதோடு குழாயைக் காணோம். பிடுங்கிவிட்டார்களா, புதைத்துவிட்டார்களா என்று விசாரித்தால் ஆளுக்கு ஒரு பதில். ரோடு நெடுக எல்லாம் ஒரே மண்மேடு, எந்த இடத்தில் என்று தோண்டுவது? ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள், அதிகாரிகள் மழை விடட்டும் பார்க்கலாம் என்றார்கள். ரோட்டை வெட்டினால் கேஸ். என்ஜின் வைத்து இறைக்கலாம் என்றால் அம்சம் அதையும் செய்து பார்த்துவிட்டாள். ஒரு பகல் முழுக்க என்ஜின் ஓடியும், பக்கத்து வயல் தண்ணீர் வந்து அவள் வயலில் நிறைந்ததுதான் மிச்சம்.

நிலம் அவளுடையது இல்லை, குத்தகை. நிலக்காரர் சதீஷ் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் அப்பா காலத்தில் அம்சமும் அவள் அம்மாவும் இதே வயலில் கூலிக்கு நட்டவர்கள். வரப்பில் நின்றுகொண்டு ஒருவர் சொல்லச் சொல்ல நட்டவர்கள். ஆறு வருஷமாக விதை அவளுடையது, எப்போது விதைப்பது என்ற முடிவும் அவளுடையது. அந்த ஆறு மாவில் கால் வைக்கும்போதெல்லாம் அவளுக்கு முதுகு தானாக நிமிரும். சனிக்கிழமை சதீஷ் போன் செய்திருந்தார்.

"அம்சக்கா, மூணு வருஷமா இதே கதையா இருக்கு. இறால் குட்டை போடுறவங்க இடம் கேக்குறாங்க. வர்ற திங்கக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கிழமை வந்து பாக்குறாங்க. பயிர் இருந்தா விடுங்க, பாத்துக்கலாம். இல்லேன்னா நான் பேசி முடிச்சிடுறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் என்ன தப்பாக எடுத்துக்கொள்வது? இறால் குட்டையான நிலம் மறுபடி வயலாவதில்லை. உப்பு ஏறிய மண்ணில் அறுகம்புல்கூட யோசித்துத்தான் முளைக்கும்.

அன்றைக்கு ஆலயத்தில் உபதேசியார் ஞானாதிக்கம் எரிகோ கோட்டையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஊரே வெள்ளத்தில் கிடக்கிறதே, ஆறுதலாக ஏதாவது சொல்வோம் என்று எடுத்த பகுதி. இஸ்ரவேல் ஜனங்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவை கோட்டையைச் சுற்றி வந்தார்கள், ஆறு நாள் அப்படி. ஏழாம் நாள் ஏழு தடவை சுற்றி, எக்காளம் ஊதி, எல்லோருமாகச் சத்தம் போட்டார்கள், மதில் விழுந்தது. உபதேசியார் சொல்லி முடித்து வேதத்தை மூடினார். அம்சம் வாசலில் அவரை மறித்துக்கொண்டாள்.

"ஐயா, நாமளும் சுத்தினா என்ன?"

"எதை?"

"பள்ளக்கட்டைத்தான்."

ஞானாதிக்கம் எதையும் நிதானமாகச் செய்கிற மனுஷர். "அம்சம், அது கோட்டை. இது தண்ணி" என்றார்.

"ரெண்டும் அசைய மாட்டேன்னுதானே நிக்குதுங்க?"

உபதேசியார் கொஞ்சம் தயங்கி, "இன்னொண்ணும் இருக்கு. ஏழாம் நாள் சத்தம் போடச் சொல்ற வரைக்கும் சுத்தும்போது ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு கட்டளை" என்றார். அம்சத்தின் முகம் வாடியது. ஆனால் சொன்ன சொல்லை வாபஸ் வாங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

வீரையன் ஆலயத்துக்குப் போகிறவன் இல்லை, அவனுக்கு எல்லையில் வீரனார் உண்டு. கேட்டுவிட்டுச் சிரித்தான். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன முழம் என்ன. சுத்து. ஆனா மொத்தம் பதிமூணு சுத்துதானே வருது? ரெண்டு நாள்ல முடிச்சிடேன், பயிராவது மிஞ்சும்."

"இது என்ன கான்ட்ராக்ட் வேலையா, சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போக? ஆண்டவரு சொன்ன கணக்குதாங்க கணக்கு" என்றாள் அம்சம்.

திங்கட்கிழமை காலையில் தனியாகக் கிளம்பினாள். கரையில் நடக்கும்போது கணுக்கால் சேறு. ரோட்டுப் பக்கம் வந்தால் சரிவெல்லாம் கருவை முள், அதனால் சரிவின் அடியில், முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் நடக்க வேண்டும். முக்கால் சுற்று ஒழுங்காக முடிந்தது. வடக்குக் கரையில் கமலாம்பாள் நின்றிருந்தாள். பள்ளக்கட்டில் பன்னிரண்டு மா வைத்திருக்கிற இராஜாங்கத்தின் மனைவி.

"என்ன அம்சம், காலங்காத்தால தண்ணியில எங்க கிளம்பிட்டே?"

கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் அம்சத்துக்குப் பதில் தானாக வரும். நின்று, இடுப்பில் கை வைத்து, எரிகோ முதல் எக்காளம் வரை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தச் சுற்றுக் கணக்கில் வராது என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். பயிர் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு நாளை வாயால் தொலைத்தாளே, அந்த வேதனையில் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நடந்தாள். அதுதான் முதல் சுற்று. விஷயம் கமலாம்பாள் காதில் விழுந்துவிட்டதே, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புதன்கிழமை இரண்டாம் சுற்றுக்கு ஆலயத்துப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள், உபதேசியாரும் வேட்டியை மடித்துக்கட்டி வந்தார். டீக்கடையில் இராஜாங்கம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சுத்தட்டும், சுத்தி முடிக்கையில பயிர் நல்ல எருவாயிருக்கும்" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் பயிரும் அதே தண்ணீரில்தான் கிடந்தது, வயிற்றெரிச்சல் கேலியாக வெளியே வந்தது.

அந்த இரண்டாம் சுற்றில் தண்ணீரிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. வயல்காரிக்கு அந்த வாடை என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். அம்சம் மனதுக்குள் ஜெபம் செய்துகொண்டே நடந்தாள். பயிரைச் சொன்னாள், சதீஷைச் சொன்னாள், ரோடு போட்டவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னாள். பாதிச் சுற்றில் சொல்வதெல்லாம் தீர்ந்துபோனது. இன்னும் பாதி நடக்க வேண்டும், சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வார்த்தையும் இல்லாமல் ஆண்டவரோடு நடப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. முதலில் பயமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பயம் போய்விட்டது. தண்ணீர் அப்படியேதான் நின்றது, வாடை அப்படியேதான் வீசியது, ஆனாலும் கூட ஒருவர் நடக்கிறார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை, மூன்றாம் சுற்று. பயிர் மூழ்கி எட்டாவது நாள். மழை விட்டு நாளாகியிருந்ததால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வடிகாலில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. ரோட்டுச் சரிவின் அடியில் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள், யாரும் மூச்சு விடவில்லை.

களக்.

அம்சம் நின்றாள். தவளையாக இருக்கும் என்று காலைத் தூக்கினாள். மறுபடியும் களக். கண் எதிரே ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று காற்றே இல்லாமல் மெதுவாகத் தன்னைத்தானே சுற்றியது. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள். வலது கணுக்காலை யாரோ லேசாகப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்த மாதிரி இருந்தது. நாற்பது வருஷமாகத் தண்ணீரில் நிற்கிற கால் அது. தண்ணீர் எங்கோ போகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

கத்த வேண்டும். ஆனால் சுற்று முடிய இன்னும் வடக்குக் கரை முழுக்க இருக்கிறது. பேசினால் இந்த நாளும் போச்சு. ஐயோ, அவள் பட்ட பாடு! தண்ணீரைக் காட்டினாள், காலைக் காட்டினாள், இரண்டு கையையும் ஆட்டினாள். பின்னால் வந்தவர்கள் தேள் கொட்டிவிட்டது என்று நினைத்தார்கள். உபதேசியார் வாயைத் திறக்கப் போனார், அம்சம் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். பிறகு கருவைக் குச்சி ஒன்றை ஒடித்து அந்த இடத்தில் நட்டுவிட்டு, மிச்சச் சுற்றை ஓடினாள். அத்தனை பேரும் காரணம் தெரியாமல் பின்னாலேயே ஓடினார்கள். கிளம்பிய இடத்தைத் தொட்டதும் அவள் போட்ட சத்தம் டீக்கடை வரை கேட்டது.

"குழாய் இருக்கு! குழாய் இருக்கு! உள்ள தண்ணி இழுக்குது!"

"நண்டு வளையா இருக்கும்" என்றார் இராஜாங்கம். ஆனால் சொன்ன வாயோடு கடப்பாரையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்தவரும் அவர்தான்.

வீரையன் சட்டையைக் கழற்றிவிட்டு, குச்சி நட்ட இடத்தில் மூச்சைப் பிடித்து முங்கினான். முதல் முறை சேறுதான் கையில் வந்தது. நாலாவது முறை மேலே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"வட்டமா இருக்கு. சிமெண்ட் வளையம். வாயில சாக்கு சாக்கா மண்ண அடைச்சு வச்சிருக்கானுங்க."

ரோடு வேலை நடந்தபோது தண்ணீர் வராமல் இருக்க அடைத்திருப்பார்கள், வேலை முடிந்ததும் எடுக்க மறந்திருப்பார்கள். மூன்று வருஷ வெள்ளத்துக்குக் காரணம் அந்த மறதிதான். இடம் தெரிந்துவிட்டதால் மறுபக்கம் வடிகால் சரிவில் அதற்கு நேராக மண்வெட்டி போட்டார்கள், இடுப்பளவு தோண்டியதும் குழாயின் அந்த முனை வந்தது. இந்தப் பக்கம் வீரையன் முங்கி முங்கிச் சாக்கில் கயிறு கட்ட, இராஜாங்கத்தின் டிராக்டர் இழுத்தது. ஒரு சாக்கு வந்தது. இரண்டு வந்தது. ஐந்தாவது சாக்கு உருவிக்கொண்டு வந்தபோது ரோட்டுக்கு அடியில் ஓர் உறுமல் கேட்டது. வடிகாலுக்குள் நின்று வேடிக்கை பார்த்த உபதேசியாரைத் தண்ணீர் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது. நல்ல வேளை, கரையில் இருந்தவர்கள் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். கண்ணாடி போனது போனதுதான். அவர் சேற்றோடு எழுந்து நின்று, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று குதித்தார்.

அம்சம் அழுதாள். தண்ணீர் போவதைப் பார்க்கப் பார்க்க அழுகை கூடியது. வீரையன் குளிரில் நடுங்கிக்கொண்டே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மூணு வருஷமா இந்த ரோட்டோரம் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்போம். ஒருத்தன் காதுலயும் விழலையே" என்றான்.

"பேசிக்கிட்டே போனோம்" என்றாள் அம்சம்.

வெள்ளிக்கிழமை காலையில் வரப்புகள் தெரிந்தன. சனிக்கிழமை பயிர் தெரிந்தது, சேறு பூசி, மஞ்சளாக, தரையோடு படுத்து. அம்சம் வயலில் இறங்கி ஒரு தூரைப் பிடுங்கி மட்டையை உரித்தாள். உள்ளே குருத்து வெள்ளையும் பச்சையுமாகக் கெட்டியாக இருந்தது. இன்னொன்றைப் பிடுங்கினாள், அதிலும் உயிர் இருந்தது. பள்ளமான மூலையில் ஒரு மா அழுகிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. மிச்சம் ஐந்து மா பிழைத்துவிட்டது. யூரியாவும் பொட்டாஷும் கலந்து தெளித்தாள். அடர்த்தியான இடத்தில் தூரைப் பிரித்து அழுகின மூலையில் நட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

இதற்கு நடுவில் காலைச் சுற்று நிற்கவில்லை. "அதான் தண்ணி வடிஞ்சிருச்சே, இன்னும் என்னத்துக்கு?" என்று வீரையன் கேட்டான்.

"கேட்டது கிடைச்சதும் திரும்பிப் பாக்காம போறது நல்லாவா இருக்கும்? ஏழு நாள்னு சொன்னேன், ஏழு நாள் நடப்பேன்."

திங்கட்கிழமை ஏழாம் நாள். பள்ளக்கட்டில் வயல் உள்ள எல்லோரும் வந்துவிட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள், ஆலயத்துக்குப் போகிறவர்கள், எங்கும் போகாதவர்கள் என்று அறுபது பேர் இருக்கும். கமலாம்பாள் வெள்ளிக்கிழமையே சேர்ந்தாயிற்று. எக்காளத்துக்கு என்ன செய்வது என்று உபதேசியார் கவலைப்பட்டபோது, இராஜாங்கம் டிராக்டரை ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரனைக் காட்டினார்.

ஆறாவது சுற்று நடந்துகொண்டிருக்கும்போது வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இறால் குட்டைக்காரர்கள் இரண்டு பேர் இறங்கினார்கள்.

"ஏங்க, சதீஷோட எடம் எது?" என்று ஒருவர் வீரையனைக் கேட்டார். வீரையன் பார்த்துவிட்டு நடந்துகொண்டே போனான். "அம்மா, இங்க சதீஷ்னு..." கமலாம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். டிராக்டரில் இருந்த இராஜாங்கம் உதட்டின் மேல் விரலை வைத்தார். அறுபது பேர் வெறுங்காலோடு, ஒரு வார்த்தை இல்லாமல், அவர்களைத் தாண்டிப் போனார்கள். அம்சம் போகும்போது மட்டும் கண்ணால் வயலைக் காட்டினாள். அங்கே பயிர் நிமிர்ந்து நின்றது. சேற்றுக்கு மேலே புது இலை விட்டிருந்தது. வந்தவர்கள் பயிரைப் பார்த்தார்கள், ஜனத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏழாவது சுற்று முடிந்தது. உபதேசியார் கையைத் தூக்கினார். இராஜாங்கம் ஹாரனை ஏழு தடவை அடித்தார். அப்புறம் எழும்பியது பாருங்கள் ஒரு சத்தம்! அல்லேலூயா என்றார்கள், வீரனாரே என்றார்கள், சிலர் வெறுமனே ஓவென்று கத்தினார்கள். கமலாம்பாள் குலவை போட்டாள். மரத்திலிருந்த கொக்கெல்லாம் கிளம்பின. அம்சம் ஏழு நாள் அடக்கி வைத்த அத்தனையையும் சேர்த்துக் கத்தினாள். கத்தி முடித்துப் பார்த்தபோது வெள்ளைக் கார் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

பத்து நிமிஷத்தில் சதீஷ் வீடியோ காலில் வந்தார். "அக்கா, என்னக்கா நடக்குது அங்க? ஊரே கூடி நின்னு கத்துது, இந்த எடமே வேணாம்னு அவங்க சொல்றாங்க. பயிர்?"

அம்சத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது. போனைத் திருப்பி வயலுக்கு நேராகப் பிடித்தாள். சதீஷ் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார்.

"அறுப்பு எப்பக்கா?"

"தை கடைசியில. லீவு போட்டுட்டு வாங்க தம்பி, ஆள் கிடைக்கிறதில்ல. நீங்களும் ஒரு கை பிடிக்கலாம்."

சதீஷ் சிரித்தார். பிறகு சொன்னார்: "சரிக்கா. குட்டைக்கு நான் யார்ட்டயும் பேசல. இனிமே நீங்களா விடுற வரைக்கும் அது உங்க வயல்தான்."

"நான் எங்க விடப் போறேன்" என்றாள் அம்சம்.